இயல்புநிலைக்குத் திரும்பு என்றால், எந்த இயல்புநிலைக்கு?

லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை மூலநிரலிலிருந்து சொந்தமாகக் கட்டிப் பார்க்கிற எவரும் என்றாவது ஒருநாள் கேட்டே தீரும் கேள்வி இது. கெர்னலில் எந்த வசதி வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில் உட்கார்ந்து அங்கும் இங்குமாகப் பத்துப் பதினைந்து இடங்களில் கை வைத்தாகிவிட்டது. எதை மாற்றினோம் என்பது பாதி நினைவில் இருக்கிறது, பாதி இல்லை. கட்டி முடித்த கெர்னலோ பாதி வழியில் நின்றுகொண்டு, இயங்குதளம் இருக்கும் ரூட் கோப்பமைப்பை ஏற்ற முடியவில்லை என்று முரண்டு பிடிக்கிறது. இனி ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தப் பொறுமை இல்லை. எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட வேண்டும். எப்படி?

மெனுகான்ஃபிகில் அதற்கென்று ஒரு பொத்தான் கிடையாது. திரையின் அடியில் தேர்ந்தெடுக்க, வெளியேற, உதவி கேட்க, சேமிக்க, வேறொரு கோப்பை ஏற்ற என்று ஐந்து இருக்கின்றன. பழையபடி ஆக்குவதற்கு ஆறாவதாக ஒன்று இல்லை. யாரோ வைக்க மறந்துவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அப்படியொரு பொத்தானை வைத்தால் அது நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று நான்கு பேரைக் கேட்டால் நான்கு பதில் வரும். நான்கிலும் நியாயம் இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் அண்மையில் இதே சிக்கலோடு என் மேசைக்கு வந்தான். மெனுகான்ஃபிகில் நாம் தேர்ந்தெடுப்பவை ‘.கான்ஃபிக்’ என்ற கோப்பில் பதிவாகும்.

"அண்ணா, ‘.கான்ஃபிக்’ கோப்பையே அழித்துவிட்டு மெனுகான்ஃபிகைத் திறந்தேன். எல்லாம் டெஃபால்டுக்கு வந்துவிட்டது. ஆனால் முன்பு இருபது நிமிடத்தில் முடிந்த கம்பைல், இப்போது சாப்பிட்டுவிட்டு வந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கிறது."

"யாருடைய டெஃபால்ட் வந்தது என்று பார்த்தாயா?"

"அதில் யாருடையது என்று வேறு இருக்கிறதா?"

இருக்கிறது. ‘.கான்ஃபிக்’ இல்லாத மூலநிரல் அடைவில் மெனுகான்ஃபிகைத் திறந்தால், அது வெறும் கையோடு தொடங்குவதில்லை. இப்போது கணினியில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் அமைப்புக் கோப்பு எங்காவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுகிறது. ‘/லிப்/மாட்யூல்ஸ்’ அடைவில் அந்தப் பதிப்புக்குரிய இடத்தில் ஒரு ‘.கான்ஃபிக்’ இருக்கிறதா, ‘/இடிசி’யில் ‘கெர்னல்-கான்ஃபிக்’ என்ற கோப்பு இருக்கிறதா, ‘/பூட்’ அடைவில் அந்தப் பதிப்பு எண்ணோடு ‘கான்ஃபிக்-’ என்று தொடங்கும் கோப்பு இருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கிறது. இவை எதுவும் கிடைக்காவிட்டால்தான் அந்தச் செயலிக்கென்று மூலநிரலோடு வரும் டெஃப்கான்ஃபிக் என்ற தயார் அமைப்புக் கோப்பை எடுத்துக்கொள்கிறது. கெர்னலோடு மற்ற மென்பொருள்களையும் சேர்த்துத் தரும் டெபியன், உபுண்டு, ஃபெடோரா போன்ற விநியோகங்களை வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ‘/பூட்’ அடைவிலேயே தேடல் முடிந்துவிடும். எந்தக் கோப்பிலிருந்து எடுத்தேன் என்று அது ஒரு வரியில் சொல்லவும் செய்கிறது. சொன்ன அடுத்த கணமே நீலத்திரை வந்து அந்த வரியை மூடிவிடுவதால் அதை யாரும் படிப்பதில்லை.

தம்பிக்கு நடந்தது இதுதான். அவன் முதலில் ஏதோ ஒரு வழிகாட்டியைப் பார்த்து ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்துத் தொடங்கியிருக்கிறான். கோப்பை அழித்ததும் வந்தது விநியோகத்தின் அமைப்பு. உலகத்தில் எந்த மூலையில் எந்தக் கணினியில் நிறுவினாலும் ஓட வேண்டும் என்ற கவலை விநியோகக்காரர்களுக்கு உண்டு. அதனால் அவர்கள் கருவிகளை இயக்கும் பல ஆயிரம் ஓட்டிகளை, தேவைப்படும்போது மட்டும் கெர்னல் ஏற்றிக்கொள்ளும் தனிக் கோப்புகளான மாட்யூல்களாகக் கட்டச் சொல்லியிருப்பார்கள். அவன் மடிக்கணினியில் ஒருநாளும் செருகப்படாத டிவி ட்யூனர் கார்டுகளுக்கும் சர்வர் அறைகளில் மட்டுமே இருக்கும் சேமிப்புக் கருவிகளுக்கும் சேர்த்து அந்தச் சின்ன இயந்திரம் உழைத்துக்கொண்டிருந்தது.

ஆக, நம் முன்னால் குறைந்தது மூன்று இயல்புநிலைகள் இருக்கின்றன.

முதலாவது, நிரலை எழுதியவர் கருதிய இயல்பு. கெர்னலின் பல அடைவுகளில் கேகான்ஃபிக் என்ற கோப்பு இருக்கும்; அவற்றைப் படித்து முடிவு செய்யும் கருவிக்கும் அதே பெயர்தான். இந்த வசதியின் பெயர் என்ன, எதைச் சார்ந்தது, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன மதிப்பு என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் மதிப்பு எதுவும் குறிக்கவில்லை என்றால் அது ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளப்படும். கெர்னல் வீங்கிவிடக் கூடாது என்பதற்காகவே வேண்டுமென்றே இப்படி வைத்திருப்பதாக அதன் ஆவணம் சொல்கிறது. ‘மேக் ஆல்டெஃப்கான்ஃபிக்’ கொடுத்தால் இந்தச் சுத்தமான இயல்பு கிடைக்கும். பெயரைக் கேட்டால் இதுதான் உண்மையான இயல்புநிலை என்று தோன்றும். ஆனால் எக்ஸ்ட்4 கோப்பமைப்புக்கே கேகான்ஃபிகில் இயல்பு மதிப்பு எதுவும் கிடையாது. ஆகவே அது ‘வேண்டாம்’ பட்டியலில் போய்விடும். எக்ஸ்ட்4 வட்டில் லினக்ஸை வைத்திருப்பவர் இந்தக் கெர்னலைக் கட்டிப் பூட் செய்தால், தொடக்கத்தில் சொன்ன அதே முரண்டைத்தான் மறுபடி பார்ப்பார்.

இரண்டாவது, அந்தச் செயலிக் குடும்பத்தைப் பராமரிப்பவர்களின் இயல்பு. ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ தருவது இதைத்தான். இன்டெல், ஏஎம்டி செயலிகளுள்ள எக்ஸ்86 கணினிகளில் 64 பிட்டுக்கு ஒரு கோப்பும் 32 பிட்டுக்கு ஒரு கோப்பும் ‘ஆர்ச்/எக்ஸ்86/கான்ஃபிக்ஸ்’ அடைவில் இருக்கின்றன. சில நூறு வரிகள்தான். எக்ஸ்ட்4 உண்டு, பரவலான ஈதர்நெட் கார்டுகள் சிலவற்றுக்கு ஓட்டிகள் உண்டு. சோதனைக்காக ஒரு கெர்னலை எழுப்பிப் பார்க்க இது போதும். அன்றாட மடிக்கணினிக்குப் போதாது. வைஃபை கார்டுக்கான ஓட்டியைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, விநியோகத்தின் இயல்பு. இது எல்லாவற்றையும் கொண்டுவரும். நேரத்தையும் வட்டு இடத்தையும் விலையாக வாங்கிக்கொள்ளும்.

ராஸ்பெர்ரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினிகளை வைத்திருப்பவர்களுக்கு நான்காவதும் உண்டு. பை குழுவினர் தங்கள் மூலநிரல் கிளையில் தங்கள் பலகைகளுக்கென்று தனி டெஃப்கான்ஃபிக் வைத்திருக்கிறார்கள்; பை 4-க்கு ‘பிசிஎம்2711_டெஃப்கான்ஃபிக்’ என்று பெயர். அதே கிளையில் உட்கார்ந்துகொண்டு, முன்னொட்டு எதுவும் இல்லாமல் ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ என்று அடித்தால் 64 பிட் ஆர்ம் செயலிகளுக்கான பொது அமைப்பு வரும், பையினுடையது வராது. இரண்டும் பிழையில்லாமல் கம்பைல் ஆகும் என்பதால், வந்தது வேறு என்று திரை பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இந்த இயல்புகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படும் என்பதற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு டைமர் வேகம். ஒரு நொடிக்கு எத்தனை முறை கெர்னல் தன் கடிகாரத் துடிப்பைக் கேட்க வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. கெர்னலின் 2.4 பதிப்புக் காலத்தில் எக்ஸ்86 கணினிகளில் அது 100. 2.6 வந்தபோது 1000 ஆனது. மடிக்கணினிகளில் மின்சாரம் வீணாகிறது என்ற வாதம் எழுந்து, 2005-இல் 2.6.13 வெளிவந்தபோது பயனர் தேர்ந்தெடுக்கும்படி ஆக்கப்பட்டது. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் 250 என்று நடுவில் நிறுத்தினார்கள். கேகான்ஃபிக் இன்னும் 250 என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே 64 பிட் எக்ஸ்86 டெஃப்கான்ஃபிக் 1000 கேட்டது. டெபியன் 250-ஐ வைத்துக்கொண்டது. உபுண்டுவும் வெகுகாலம் 250-இல் இருந்துவிட்டு 24.10 பதிப்பில் 1000-க்குப் போனது. எனவே டைமரை இயல்புநிலைக்குக் கொண்டுபோ என்று ஒருவர் கேட்டால், எந்த ஊர் வழக்கம் என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, எல்லாவற்றையும் திருப்ப வேண்டாம். ஒரே ஒரு அமைப்பை மட்டும் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இங்கே ‘.கான்ஃபிக்’ கோப்பைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு வசதி கெர்னலுக்குள்ளேயே இருந்தால் அதன் பெயருக்கு எதிரே சமக்குறி போட்டு ‘ஒய்’ என்று இருக்கும். மாட்யூலாக இருந்தால் ‘எம்’. வேண்டாம் என்றால் ‘என்’ என்று இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். இருக்காது. வரியின் தொடக்கத்தில் எண்குறி போட்டு, வசதியின் பெயரை எழுதி, ‘இஸ் நாட் செட்’ என்று முடித்திருக்கும். எண்குறியில் தொடங்கினால் அது வெறும் குறிப்பு, கணினி அதைப் படிக்காது என்றுதான் யூனிக்ஸ் உலகம் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது. இந்தக் கோப்பில் மட்டும் அந்தப் பாடம் செல்லாது. கேகான்ஃபிக் இந்த வரியைப் படிக்கிறது. ‘இவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்’ என்று பொருள் கொள்கிறது.

அப்படியானால் அந்த வரியே கோப்பில் இல்லாவிட்டால்? ‘இவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை’ என்று பொருள். அப்போதுதான் கேகான்ஃபிகில் எழுதியிருக்கும் இயல்பு மதிப்பு செயலுக்கு வரும். மறுப்பதும் பேசாமல் இருப்பதும் இங்கே வேறு வேறு. ஓர் அமைப்பை ‘வேண்டாம்’ என்று மாற்றுவது அதை இயல்புநிலைக்குத் திருப்புவது ஆகாது. அந்த வரியையே எடுத்துவிட்டு ‘மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ கொடுப்பதுதான் திருப்புவது. கோப்பில் இல்லாதவற்றுக்கெல்லாம் அந்தக் கட்டளை இயல்பு மதிப்பை நிரப்பிவிடும், நம்மிடம் எதையும் கேட்காது. கையால் வரியை அழிக்கத் தயங்குபவர்களுக்கு மூலநிரலோடு வரும் ‘ஸ்கிரிப்ட்ஸ்/கான்ஃபிக்’ என்ற சிறிய கருவி உதவும். அதில் ‘டிசேபிள்’ என்று ஒன்றும் ‘அன்டிஃபைன்’ என்று ஒன்றும் தனித்தனியாக இருப்பதைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டவர்கள் உண்டு. முதலாவது மறுப்பை எழுதும், இரண்டாவது வரியைத் துடைக்கும்.

‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ பேசாமல் நிரப்புகிறது. அதன் மூத்த உறவான ‘ஓல்ட்கான்ஃபிக்’ ஒவ்வொன்றாகக் கேட்கிறது. புதிய பதிப்புக்குப் பழைய கோப்பைக் கொண்டுபோகும்போது ஒவ்வொரு புதிய வசதிக்கும் ஒரு கேள்வி வரும். அடைப்புக்குள் இருக்கும் விடைகளில் பெரிய எழுத்தில் இருப்பது இயல்பு விடை. என்டர் அடித்தால் அது பதிவாகும். பொறுமையுள்ளவர்கள் முதல் இருபது கேள்விகளைப் படிப்பார்கள். பிறகு என்டர் விசையிலேயே விரல் தங்கிவிடும். அதற்கு ‘ஓல்ட்டெஃப்கான்ஃபிக்’ மேல். குறைந்தபட்சம் படித்தோம் என்ற பொய்யான நிம்மதியைத் தராது. என்னென்ன புதிதாக வந்திருக்கின்றன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு ‘மேக் லிஸ்ட்நியூகான்ஃபிக்’ இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. சில வசதிகளுக்குத் திரையில் கேள்வியே கிடையாது. மற்ற வசதிகள் அவற்றை இழுத்துக்கொண்டு வரும், அல்லது கேகான்ஃபிகே கணக்குப் போட்டு முடிவு செய்யும். அத்தகைய ஒன்றை ‘.கான்ஃபிக்’ கோப்பில் கையால் திருத்தினால் அடுத்த கட்டளையிலேயே நம் திருத்தம் காணாமல் போய்விடும். சார்ந்திருக்கும் வசதி அணைந்திருக்கும்போது ஒன்றை ‘ஒய்’ என்று எழுதினாலும் அதே கதிதான். எந்த எச்சரிக்கையும் வராது. கெர்னல் தானாகவே மாற்றிவிடுகிறது என்று மக்கள் குறைப்படுவதில் முக்கால்வாசி இந்த வகை. மெனுகான்ஃபிகில் சாய்கோட்டை அழுத்திப் பெயரைத் தேடினால், எது எதைச் சார்ந்தது, இப்போது எதனால் தடைப்பட்டிருக்கிறது என்று முழுதாகக் காட்டும். இழுத்துக்கொண்டு வருவது எது என்றும் காட்டும்.

துடைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். ஏனென்றால் இயல்புநிலைக்குத் திரும்பச் சொன்னால் பலர் முதலில் அடிப்பது ‘மேக் க்ளீன்’. அது கம்பைல் செய்ததில் உருவான கோப்புகளைத்தான் நீக்கும். அமைப்பை அப்படியே விட்டுவிடும். அடுத்த படி ‘மேக் மிஸ்டர்ப்ராப்பர்’. ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் தரை துடைக்கும் திரவத்துக்கு அமெரிக்காவில் மிஸ்டர் க்ளீன் என்றும், ஐரோப்பாவின் பல நாடுகளில் மிஸ்டர் ப்ராப்பர் என்றும் பெயர். லினக்ஸை உருவாக்கிய, ஃபின்லாந்தில் வளர்ந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தமக்குப் பழக்கமான பெயரை வைத்துவிட்டார். போத்தலில் இருக்கும் மொட்டைத் தலைப் பயில்வான் இன்றும் கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அவர் ‘.கான்ஃபிக்’ கோப்பை அழிப்பார் என்பது பலருக்குத் தெரியும். மெனுகான்ஃபிக் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் முந்தையதை ‘.கான்ஃபிக்.ஓல்ட்’ என்று ஒதுக்கி வைக்கிறதே, அதையும் சேர்த்து அழிப்பார் என்பது சிலருக்குத்தான் தெரியும். அழித்த பிறகு அந்தப் பழைய கோப்பைத் தேடிப் பயனில்லை. மூன்றாவதான ‘டிஸ்ட்க்ளீன்’ இதற்கு மேலும் போய், திருத்திகள் விட்டுச்செல்லும் நகல்களையும் பேட்ச் என்னும் திருத்தக் கோப்புகளின் எச்சங்களையும் நீக்கும். கெர்னலில் பேட்ச் போட்டு வேலை செய்பவர்களுக்குத்தான் அது தேவைப்படும்.

மூலநிரல் அடைவுக்கு உள்ளேயே கட்டாமல், ‘ஓ=’ என்று கொடுத்துக் கட்டுவதற்கு வேறோர் அடைவைச் சொல்லிவிடுவது நல்ல பழக்கம். அமைப்புக் கோப்பும் அங்கேயே போய்விடும். ஒரே மூலநிரலை வைத்துக்கொண்டு சோதனைக்கு ஒன்று, அன்றாடப் பயனுக்கு ஒன்று என்று அமைப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கலாம். ஒன்று கெட்டால் அந்த அடைவை மட்டும் தூக்கி எறிந்தால் போதும்.

இந்த ஏற்பாடுகளெல்லாம் ஒருநாளில் வந்தவை இல்லை. கேகான்ஃபிக் 2002 அக்டோபரில், 2.5.45 பதிப்பில் உள்ளே வந்தது. எழுதியவர் ரோமன் ஜிப்பெல். அதற்கு முன்பு எரிக் ரேமண்ட் பைத்தானில் சிஎம்எல்2 என்றொரு மாற்று முறையை எழுதி நீண்ட நாள் வாதாடினார்; அது கெர்னலுக்குள் நுழையவே இல்லை. இயல்புநிலை பற்றிப் பேசும்போது இதைவிடச் சுவையான கதை 2010-இல் நடந்தது.

அப்போது ஆர்ம் செயலிகளின் உலகம் பெருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பலகைக்கும் ஒரு டெஃப்கான்ஃபிக். ஒவ்வொரு கோப்பிலும் அந்தப் பலகைக்குத் தேவையான சில வரிகளும், எல்லோருக்கும் பொதுவான ஆயிரக்கணக்கான வரிகளும் இருந்தன. கெர்னலில் எங்கோ ஒரு புதிய வசதி சேர்ந்தாலும் இந்தக் கோப்புகள் அத்தனையும் மாறும். மாற்றங்களைச் சேர்க்கும்படி டோர்வால்ட்ஸுக்கு வரும் கோரிக்கைகளில் ஆர்ம் பகுதியைத் திறந்தால் நிரலைவிட இந்தக் குப்பைதான் அதிகமாகத் தெரிந்தது. அவர் பொறுமையிழந்து, இந்தக் கோப்புகளை மொத்தமாக நீக்கிவிடுவேன் என்று எச்சரித்தார். அவர் கோபப்படுவது செய்தியில்லை. இந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

ஊவ க்ளைன-க்யோனிக் என்ற நிரலாளர் அதற்கு எடுத்த வழி முரட்டுத்தனமானது, ஆனால் பிழையில்லாதது. ஒரு டெஃப்கான்ஃபிகை எடுத்துக்கொள்வது. ஒரு வரியை அழிப்பது. அதிலிருந்து முழு அமைப்பை உருவாக்கிப் பார்ப்பது. விளைவு மாறவில்லை என்றால் அந்த வரி தேவையற்றது, போகட்டும். மாறினால் திரும்ப வைப்பது. அடுத்த வரி. இப்படி எல்லாக் கோப்புகளிலும் எல்லா வரிகளையும் ஒரு ஸ்கிரிப்ட் பரிசோதித்தது. முடிவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் வரிகள் நீங்கின. கெர்னலின் நடத்தையில் இம்மியளவும் மாற்றமில்லை. நீங்கியவை அத்தனையும் கேகான்ஃபிக் எப்படியும் தானாகவே சொல்லியிருக்கக்கூடிய வரிகள்.

அதே ஆண்டு 2.6.36 பதிப்பில் சாம் ராவன்போர்க் இந்த வேலையைக் கேகான்ஃபிகுக்குள்ளேயே செய்யும் ‘மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்’ கட்டளையைக் கொண்டுவந்தார். இப்போது இருக்கும் அமைப்புக்கும் கேகான்ஃபிக் இயல்புக்கும் உள்ள வேறுபாடுகளை மட்டும் எடுத்து ‘டெஃப்கான்ஃபிக்’ என்ற பெயரில் ஒரு கோப்பில் எழுதித் தரும். மாதாமாதம் மளிகை வாங்கும் வீட்டில் முழுப் பட்டியலை எழுத மாட்டார்கள்; ‘வழக்கமானதுதான், உளுந்து மட்டும் ஒரு கிலோ கூடுதல், இந்தத் தடவை காப்பித்தூள் வேண்டாம்’ என்று சொல்லி அனுப்புவார்கள். அதே தோரணை. பின்னாளில் வந்த 64 பிட் ஆர்ம் பிரிவு பலகைக்கொரு டெஃப்கான்ஃபிக் என்ற பழைய வழக்கத்தைத் தொடவே இல்லை; மூலநிரலில் அதற்கு ஒரே ஒரு பொது டெஃப்கான்ஃபிக்தான்.

இந்தக் கட்டளையைப் புரிந்துகொண்ட பிறகு ‘.கான்ஃபிக்’ கோப்பைப் பத்திரப்படுத்துவதை நான் விட்டுவிட்டேன். அது கெர்னல் கட்டும்போது உண்டாகும் விளைபொருள். அதில் என் முடிவுகள், கேகான்ஃபிகின் முடிவுகள், நான் வைத்திருக்கும் கம்பைலரைப் பார்த்துக் கணித்த முடிவுகள் எல்லாம் கலந்து கிடக்கும். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. முழுக் கோப்பை ஆண்டுக்கணக்கில் பதிப்புவிட்டுப் பதிப்பு தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு நேர்வதும் இதுதான். கெர்னலை எழுதுபவர்களில் யாரோ யோசித்து ஓர் இயல்பு மதிப்பை மாற்றியிருப்பார்கள். இவர்கள் கோப்பிலோ பழைய மதிப்பு தெளிவாக எழுதப்பட்டிருக்கும். தாம் ஒருபோதும் எடுக்காத ஒரு முடிவை அவர்கள் கட்டிக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் வைத்திருப்பது அடிப்படை ஒன்று, துண்டுக் கோப்பு ஒன்று. அடிப்படை எது என்பது இடத்தைப் பொறுத்தது: மெய்நிகர் கணினியில் சோதனை என்றால் டெஃப்கான்ஃபிக், என் மடிக்கணினி என்றால் விநியோகத்தின் கோப்பு. துண்டுக் கோப்பில் நான் மாற்ற விரும்பும் வரிகள் மட்டும் இருக்கும். மூலநிரலோடு வரும் ‘மெர்ஜ்_கான்ஃபிக்’ ஸ்கிரிப்ட் இரண்டையும் சேர்த்துத் தரும். நான் கேட்ட ஏதாவது ஒன்று இறுதிக் கோப்பில் வரவில்லை என்றால் அதைப் பெயர் சொல்லி எச்சரிக்கவும் செய்யும். கையால் திருத்தும்போது கிடைக்காத எச்சரிக்கை அது. அதற்காகவே இந்த வழியை விரும்புகிறேன். கெர்னலிலேயே இப்படிப்பட்ட சில துண்டுகள் தயாராக இருக்கின்றன. ‘மேக் டெஃப்கான்ஃபிக்’ கொடுத்துவிட்டு ‘மேக் கேவிஎம்_கெஸ்ட்.கான்ஃபிக்’ கொடுத்தால் மெய்நிகர் கணினிக்குத் தேவையானவை மேலே ஏறிக்கொள்ளும். இந்த ஏற்பாட்டில் இயல்புநிலைக்குத் திரும்புவது எளிது: துண்டிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டு மறுபடி சேர்க்க வேண்டும். இரண்டு அமைப்புகளுக்கு இடையே என்ன மாறியது என்று பார்க்க ‘ஸ்கிரிப்ட்ஸ்/டிஃப்கான்ஃபிக்’ இருக்கிறது; வெறும் டிஃப் கட்டளையைவிட இதைப் படிப்பது எளிது.

விநியோகத்தின் கோப்பை அடிப்படையாக எடுப்பவர்களுக்கு இரண்டு முட்கள் காத்திருக்கும். டெபியன் வழிவந்த விநியோகங்களில் கெர்னல் நம்ப வேண்டிய சான்றிதழ்களின் கோப்புப் பாதை ஒன்று அமைப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கோப்பு அவர்களுடைய மூலநிரல் பொதியில் இருக்கும், கெர்னலின் அதிகாரபூர்வமான கெர்னல்.ஆர்க் தளத்திலிருந்து இறக்கிய மூலநிரலில் இருக்காது. சிறிது நேரம் ஓடிவிட்டு, ‘.பெம்’ என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்க விதி இல்லை என்று சொல்லிக் கம்பைல் நின்றுவிடும். அந்த அமைப்பின் மதிப்பை வெற்றுச் சரமாக்கினால் தீர்ந்தது. இரண்டாவது முள், பிழைதிருத்தத் தகவல்களைச் சேர்க்கும் அமைப்பு. அது இயங்கும்போது கட்டும் அடைவு பல ஜிபி அளவுக்குப் பெருகும். கெர்னலையே பிழைதிருத்தப் போவதில்லை என்றால் அணைத்துவிடலாம். இந்த இரண்டும் என் துண்டுக் கோப்பில் நிரந்தரமாக இருக்கின்றன.

தம்பிக்கு நான் காட்டியது ‘மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்’. 2009-இல் 2.6.32 பதிப்பில் ஸ்டீவன் ரோஸ்டெட் சேர்த்தது. கணினியில் இந்தக் கணம் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, மற்ற மாட்யூல்களையெல்லாம் அமைப்பிலிருந்து நீக்கிவிடும். விநியோகத்தின் இயல்பிலிருந்து நம் கணினிக்கு ஏற்ற சிறிய அமைப்புக்கு வர இதைவிடக் குறுக்கு வழி இல்லை. ‘இந்தக் கணம்’ என்பதில்தான் கவனம் வேண்டும். ப்ளூடூத் ஹெட்ஃபோன், யுஎஸ்பி வட்டு, பிரிண்டர் என்று என்னென்ன பயன்படுத்துவோமோ அத்தனையையும் ஒருமுறை செருகி இயக்கிவிட்டுப் பிறகு கட்டளையைக் கொடுக்கச் சொன்னேன். அவன் மேசையிலிருந்த எல்லா வயர்களையும் மடிக்கணினியில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்த்து, பக்கத்து இருக்கைக்காரர் இது என்ன பூசை என்று கேட்டார். கம்பைல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட்டது.

யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியைப் பயன்படுத்துகிறவர்கள் இதையெல்லாம் படித்துச் சிரிக்கக்கூடும். அங்கே செயலி வகைக்கு ஒன்றாக ஜெனரிக் என்ற கோப்பு. எல்லோருக்கும் தெரிந்த ஒரே இயல்புநிலை. சொந்தக் கெர்னல் வேண்டுமென்றால் புதிய கோப்பில் முதல் வரியாக ஜெனரிக்கைச் சேர்க்கச் சொல்லிவிட்டு, அடையாளப் பெயர் ஒன்று கொடுத்து, வேண்டாத கருவிகளை ‘நோடிவைஸ்’ என்று அதன் கீழே எழுதிவிடலாம். புதிய கெர்னலை நிறுவும்போது பழையது ‘/பூட்/கெர்னல்.ஓல்ட்’ என்று தானாக ஒதுங்கிக்கொள்ளும். லினக்ஸ்காரர்கள் ஸ்கிரிப்ட் போட்டுச் சாதிப்பதை அவர்கள் ஒரு வரியில் வைத்திருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். லினக்ஸ் ஓடும் கருவிகளின் எண்ணிக்கைக்கு அப்படியொரு ஒற்றைக் கோப்பு தாங்குமா என்பது தனி வாதம்.

அமைப்பைத் திருப்புவது வேறு, பூட் ஆகாத கணினியைத் திருப்புவது வேறு. இரண்டாவதற்கு, கட்டுவதற்கு முன்பே ‘லோக்கல்வெர்ஷன்’ அமைப்பில் ஒரு பின்னொட்டைக் கொடுத்துவிட வேண்டும். பதிப்பு எண் ஒன்றாகவே இருந்தால் புதிய மாட்யூல்கள் பழையவை இருக்கும் அடைவிலேயே போய் விழும். பிறகு கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்குரிய மாட்யூல்கள் இருக்காது. பின்னொட்டு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். விநியோகத்தின் கெர்னலை ஒருபோதும் நீக்க வேண்டாம். இடம் போதவில்லை என்றால் வேறு எதையாவது அழித்துக்கொள்ளலாம்.

மிஸ்டர் ப்ராப்பர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார், துண்டுக் கோப்பும் கையில் இல்லை, ஆனால் கட்டிய கெர்னல் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது என்ற நிலைக்கும் ஒரு வழி உண்டு. கட்டும்போது ‘ஐகேகான்ஃபிக்’ என்ற அமைப்பு இயங்கியிருந்தால் கெர்னல் தன் வயிற்றுக்குள்ளேயே முழு அமைப்புக் கோப்பையும் சுருக்கி வைத்திருக்கும். அதன் துணை அமைப்பையும் சேர்த்து இயக்கியிருந்தால் ‘/ப்ராக்/கான்ஃபிக்.ஜிஇசட்’ என்ற பெயரில் அதை நேரடியாகப் படிக்கலாம். கெர்னல் பூட் ஆகாவிட்டாலும், வட்டில் இருக்கும் அதன் கோப்பை ‘ஸ்கிரிப்ட்ஸ்/எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக்’ ஸ்கிரிப்டிடம் கொடுத்தால் அது உள்ளே அடையாளக் குறியைத் தேடி அமைப்பை வெளியே எடுத்துத் தந்துவிடும். அதிலிருந்து சேவ்டெஃப்கான்ஃபிக் செய்தால் நம் மாற்றங்கள் சில பத்து வரிகளிலோ சில நூறு வரிகளிலோ திரும்பக் கிடைத்துவிடும். ஐகேகான்ஃபிகுக்கும் அதன் துணை அமைப்புக்கும் கேகான்ஃபிகில் இயல்பு மதிப்பு எதுவும் குறிக்கப்படவில்லை, அதாவது ‘வேண்டாம்’. என் துண்டுக் கோப்பில் முதல் இரண்டு வரிகள் இவற்றுக்குத்தான்.